பீலித் தண்ணீரின் சிவப்பு

ராஜலிங்கத்தின் வலது கை விரல்கள் எந்த நேரமும் சிவந்தே இருக்கும். "மருதாணி வச்ச மாப்பிள்ளை வர்றாரு" என்று ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கேலி பேசுவார்கள். அப்படிக் கேலி பேசுகிற வாய்கள் அவன் நீட்டும் வெற்றிலையை மட்டும் ஒருநாளும் வாங்கிப் போட்டதில்லை. ஊரான் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் ஊற்றுகிற கை அது. அந்தக் கையால் கொடுப்பதைத் தின்ன யாருக்கு மனம் வரும்? அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தேயிலைக்கு மருந்தடிக்கிறவன் கை மட்டும் பூவாகவா மணக்கிறது என்று கேட்டுவிட்டு, தன் வெற்றிலையைத் தானே போட்டுக்கொண்டு போய்விடுவான்.

கண்டி நகரத்தில் தரும சபை ஒன்று நடத்திய சின்ன நெஞ்சுநோய்க் கிளினிக்கில் அவனுக்கு வேலை. கூட்டிப் பெருக்கத்தான் போனான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்புக்கு வேறு என்ன கிடைக்கும்? ஆனால் கண் என்று ஒன்று இருக்கிறதே, அது சும்மா இருக்காது. சாயம் ஊற்றிக்கொண்டிருந்த ஆள் வேலையை விட்டுப் போனதும், "எனக்கு வரும் சார்" என்று முன்னால் போய் நின்றான். டாக்டர் இராமநாதன் யாழ்ப்பாணத்து மனிதர். எதையும் உரசிப் பார்க்காமல் நம்பமாட்டார். "அப்ப செய்து காட்டும் பாப்பம்" என்றார். செய்து காட்டினான். துடைப்பம் வேறு ஆளின் கைக்குப் போனது.

அங்கே இரண்டு விதமாகச் சாயம் ஏற்றுவார்கள். ஒன்று ஊதா. எல்லாக் கிருமிக்கும் ஊதாவை ஏற்றி, அயடினை விட்டு அதை இறுக்கி, பிறகு ஸ்பிரிட்டால் கழுவவேண்டும். சுவர் தடித்த கிருமி குடித்த ஊதாவை விடாது. சுவர் மெலிந்தது விட்டுவிடும். கடைசியில் ஊற்றுகிற இளஞ்சிவப்பை ஏற்றுக்கொள்ளும். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தால் சிலது உருண்டை உருண்டையாகக் குலை தள்ளியிருக்கும், சிலது பாசிமணி போலக் கோத்திருக்கும், சிலது சோடியாக நிற்கும், சிலது ஈர்க்குத் துண்டாக நீண்டு கிடக்கும். பார்த்து முடிவு எழுதுவது சந்திரிகா என்கிற சிங்களப் பெண். படித்தவள், ஆனால் தலைக்கனம் இல்லாதவள். ராஜலிங்கத்தையும் கூப்பிட்டுக் காட்டுவாள். மனிதனின் உடம்புக் கலத்தில் கருவுக்கென்று தனியாகச் சுவர் வைத்த அறை உண்டு, இந்தக் கிருமிகளுக்கு அப்படி எதுவும் இல்லை, எல்லாம் ஒரே இடத்துக்குள்தான் என்று அவள் ஒருநாள் சொன்னாள்.

"அப்ப இதுவும் நம்ம லயம்தான் மிஸ். சமையல், படுக்கை, புள்ளப்பேறு எல்லாம் ஒரே காம்பராவுல" என்றான் ராஜலிங்கம். அவள் சிரித்துவிட்டு, பிறகு ஏனோ முகம் கறுத்துப் போனாள்.

இரண்டாவது சாயந்தான் கிளினிக்கின் உயிர். காசநோய்க் கிருமி ஊதாவுக்கு மசியாது. அதன் உடம்பைச் சுற்றி மெழுகு பூசியது போல ஒரு கொழுப்புச் சட்டை. அந்தச் சட்டைக்குள் சாயம் இறங்கவேண்டுமானால், சளி தடவிய கண்ணாடியில் சிவப்பை ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கைப் பிடித்து, ஆவி பறக்கச் சுடவேண்டும். பிறகு தண்ணீர். பிறகு அசிட். மற்றக் கிருமியெல்லாம் அசிட் பட்டதும் வெளிறிவிடும். இது மட்டும் உள்ளே போன சிவப்பை மெழுகுக்குள் பூட்டி வைத்துக்கொள்ளும். மறுபடி தண்ணீர், பிறகு நீலம், பிறகும் தண்ணீர். நீல வெளியில் மெல்லிய சிவப்புக் கோல்கள் கிடந்தால் வந்தவனுக்கு நோய். கிடக்காவிட்டால் பிழைத்தான்.

ராஜலிங்கத்துக்கு இந்தச் சாயத்தின் மேல் ஒரு பெருமை. பெருமை என்ன, கிறுக்கு என்றே சொல்லலாம். தேநீர் குடிக்கப் போகும் வீட்டில்கூட அதைத்தான் பேசுவான். தங்கை பாலம்மாவின் காம்பராவில் உட்கார்ந்து, "அசிட்ட ஊத்தினாலும் அது போகாது பாலம்மா. மெழுகுச் சட்ட போட்டுக்கிட்டு உள்ள ஒளிஞ்சு கெடக்கும். அத்தன அழுத்தக்காரக் கிருமி" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வான். தாய் தகப்பனைச் சிறு வயதில் தின்றுவிட்ட இரண்டு பேர் அவர்கள். அவளுக்கு அண்ணன் சொல்வது வேதவாக்கு. "அப்படியாண்ணே" என்று வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் புருஷன் கறுப்பையா, தொழிற்சாலையில் வேலை செய்கிற அப்பிராணி, அவனும் கேட்டுத் தலையாட்டுவான். அவர்கள் மகள் யசோதா பிறந்து சில மாதந்தான் ஆகியிருந்தது. கொழுகொழுவென்று, தாயின் மடியைவிட்டு இறங்காத பிள்ளை.

அந்த வருடம் எல்லாவற்றுக்கும் பஞ்சம். பாண் ரொட்டிக்கு வரிசை, மாவுக்கு வரிசை, சீனிக்கு வரிசை. பிள்ளைக்குக் கரைக்கிற பால்மாப் பேணியைக் கண்ணால் கண்டவன் பாக்கியவான். தோட்டங்களில் பசியால் செத்தவர்களைச் சுமந்துகொண்டு போன காலம் அது. மழையும் தன் பங்குக்குப் பொய்த்தது. கிளினிக்கின் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற இயந்திரம் பழுதாகி, வெளிநாட்டிலிருந்து உதிரிப்பாகம் வராமல் மூலையில் கிடந்தது.

சாயம் கரைக்கவும் கழுவவும் தண்ணீர் இல்லாமல் வேலை நின்றுவிடும் போல ஆனபோது ராஜலிங்கம் சொன்னான்: "எங்க பீலியில தண்ணி வத்தல சார். நான் கொண்டாறேன்."

ஹந்தானை மலையில் பாறை இடுக்கிலிருந்து வரும் ஊற்றைக் குழாயில் பிடித்து விட்டிருப்பார்கள். அதுதான் பீலி. லயத்துச் சனம் குளிப்பதும் குடிப்பதும் அதில்.

"தோட்டத்துத் தண்ணியோ?" என்று டாக்டர் முகத்தைச் சுளித்தார்.

அந்தச் சுளிப்பு ராஜலிங்கத்துக்குச் சுருக்கென்று குத்தியது. தோட்டத்து ஆளைப் பார்த்து நகரத்தில் எத்தனையோ பேர் சுளித்த முகந்தான்; அதெல்லாம் பழக்கம். தண்ணீரைப் பார்த்துச் சுளித்ததைத் தாங்க முடியவில்லை. மறுநாள் காலை ஒரு தகரம் நிறையப் பீலித் தண்ணீரைத் தோளில் வைத்து மலையிறங்கி வந்தான். கண்ணாடிக் குவளையில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். "பாருங்க சார். இதுல ஒரு தூசி காட்டுங்க, நான் வேலைய விட்டுர்றேன்." தூசி இல்லைதான். டாக்டரும் மனிதர்தானே, வேலை நடக்கவேண்டுமே. "ஓம், சரி. ஆனா காய்ச்சித்தான் ஊத்த வேணும்" என்றார்.

காய்ச்சினான். மண்ணெண்ணெய்க்கு அத்தனை தட்டுப்பாடு இருந்த நேரத்திலும் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, ஆறவைத்து, அடியில் ரப்பர் குழாய் பொருத்திய பீப்பாவில் ஊற்றி வைத்தான். கொதித்தால் எந்தக் கிருமியும் சாகும். அதில் அவனுக்கு ஐயமே இல்லை. அது உண்மையுங்கூட. அந்த உண்மைதான் அவனைக் கழுத்தறுத்தது.

பிள்ளை பிறந்ததிலிருந்து பாலம்மாவுக்கு ஓர் இருமல். ஈர விறகுப் புகை, மலைக் குளிர், அரை வயிற்றுச் சாப்பாடு, இருமாமல் என்ன செய்யும்? அவளும் அதைத்தான் சொன்னாள். "அடுப்புப் புகைதாண்ணே. கசாயம் குடிச்சாச் சரியாயிரும்." அண்ணனுக்கு மனம் ஆறவில்லை. ஊருக்கெல்லாம் சளி பார்க்கிறவன் வீட்டில் பார்க்காமல் விட்டால் நன்றாகவா இருக்கும்? "என் தொழிலையே நம்பமாட்டேங்கிறியா?" என்று கோபித்துக்கொண்டான். அவள் அவனுக்காகச் சளி கொடுத்தாள். வேறு ஒருவனாக இருந்திருந்தால் சும்மா இருந்திருப்பான். அவளும் கசாயத்தைக் குடித்து நன்றாகியிருப்பாள்.

அவனே தடவினான். அவனே சுட்டான், கழுவினான், நீலம் ஊற்றினான், பீப்பாத் தண்ணீரைத் திறந்து கடைசித் தடவை அலசிக் காயவைத்தான். சந்திரிகா கண்ணை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை.

"கொஞ்சந்தான் இருக்கு ராஜலிங்கம். இன்னொரு சளி எடுங்க" என்றாள்.

இன்னொன்று எடுத்தான். அதிலும் கொஞ்சம். மூன்றாவதிலும் அப்படியே. அவன் தானே குனிந்து பார்த்தான். நீலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்புக் கோல்கள். மெலிந்து, இலேசாக வளைந்து, அவன் ஆயிரம் தடவை பார்த்த அதே உருவம். தங்கையின் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது என்று நினைத்தபடி நிமிர்ந்தான்.

"எனக்கென்னமோ..." என்று சந்திரிகா இழுத்தாள்.

"செவப்புன்னா செவப்புதான் மிஸ்" என்றான் ராஜலிங்கம். தங்கை என்பதற்காகத் தொழிலில் பாரபட்சம் பார்த்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதும் அந்தக் குரலில் இருந்தது.

எக்ஸ்ரே படம் எடுக்கப் பிலிம் இல்லாத நேரம். சளியின் சொல்லே தீர்ப்பு. ரயிலில் போகும் தூரத்தில் இருந்த நெஞ்சு ஆஸ்பத்திரிக்குப் பாலம்மாவை அனுப்ப டாக்டர் எழுதினார். பிள்ளையைப் பற்றிக் கேட்டபோது யோசித்தார். "நோய் ஒட்டாமப் பிள்ளைக்குக் குடுக்கிற மருந்து இப்ப கையில இல்லை. வரும்வரைக்கும் தாயை விலத்தி வைக்கலாம். ஆனா பால்மாவுக்கு என்ன செய்வீர்? அதை முதல்ல பாரும்."

"அத நான் பாத்துக்கிறேன் சார்" என்றான். எந்தத் தைரியத்தில் சொன்னான் என்பது அவனுக்கே தெரியாது.

புறப்படுகிற அன்று பாலம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு காம்பரா வாசலில் நின்றாள். பிள்ளை ராஜலிங்கத்தின் மனைவி வடிவம்மாவின் இடுப்பில் இருந்து, தாயைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி வீறிட்டது.

"ஒரே ஒரு தடவ குடுத்துட்டுப் போறேண்ணே. அழுவுது பாரு" என்று கெஞ்சினாள்.

கறுப்பையா மைத்துனனின் முகத்தைப் பார்த்தான். வடிவம்மாவும் பார்த்தாள். அந்த இடத்தில் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லக்கூடியவன் ராஜலிங்கம் ஒருவன்தான்.

"வேணாம்" என்றான்.

பால் கட்டி நெறி ஏறாமல் இருக்க வடிவம்மா மல்லிகைப் பூவைச் சரமாக வாங்கி வந்து, நெஞ்சோடு வைத்துக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாள். பால் வற்றுவதற்குப் பெண்கள் செய்கிற பக்குவம் அது. தலையில் வைக்கிற பூவை மார்பில் கட்டிக்கொண்டு பாலம்மா ரயிலேறினாள்.

பிறகு ராஜலிங்கம் பால்மாவுக்கு அலைந்தான். கண்டியில் ஏறி இறங்காத கடை இல்லை. கம்பளைக்குப் போய், முன்பு கிளினிக்குக்கு வந்து குணமானவர் என்ற பழக்கத்தில் சாஹுல் ஹமீது முதலாளியின் கடையில் நின்றான். "என்ட பேரனுக்கு வச்சிருந்தது தம்பி. கொண்டு போங்க" என்று அவர் உள்ளேயிருந்து ஒரு பேணியை எடுத்து வந்து கொடுத்தார். அது தீர்ந்த பிறகு அவரிடமும் இல்லை. வடிவம்மா பாலை நீராக்கி, நீரை இன்னும் நீராக்கி, கடைசியில் கோதுமைமாக் கூழைக் கரைத்துப் போத்தலில் ஊற்றினாள். போத்தலை ராஜலிங்கமே கொதிநீரில் போட்டு எடுப்பான். சுத்தத்தில் ஒரு குறை கிடையாது. பசிக்கு என்ன சுத்தம் வேண்டியிருக்கிறது? பிள்ளை முதலில் கத்தியது, பிறகு முனகியது, பிறகு அதுவும் இல்லை. எந்தப் பெண் பக்கத்தில் வந்தாலும் முகத்தைத் திருப்பி மார்பைத் தேடும். டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பால் கொடுங்கள் என்றார்கள் அங்கே.

ஒரு மத்தியானம், கொழுந்து நிறுக்கும் நேரத்தில், யசோதா வடிவம்மாவின் மடியிலேயே அடங்கிப்போனாள். தேயிலைச் சரிவில் புதைத்துவிட்டு வந்தார்கள். கறுப்பையா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். 

சந்திரிகாவின் மனதில் சந்தேகம் அதற்கு முன்பே விழுந்திருந்தது. கிளினிக்குக்கு வருகிறவர்களில் இத்தனை பேருக்கா நோய்? அதுவும் எல்லாருக்கும் 'கொஞ்சம், கொஞ்சம்' என்று? ஒருநாள் சளி படாத ஓரத்தில், வெறும் கண்ணாடியிலும் சிவப்புக் கோல் கிடப்பதைக் கண்டாள். உடனே ஒரு புதுக் கண்ணாடியை எடுத்தாள். சளி எதுவும் தடவவில்லை. சிவப்பு, சூடு, பீப்பாத் தண்ணீர், அசிட், தண்ணீர், நீலம், தண்ணீர். காயவைத்துப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு ராஜலிங்கத்தைக் கூப்பிட்டார்.

ராஜலிங்கம் குனிந்து பார்த்தான். யாருடைய நெஞ்சிலிருந்தும் வராத சிவப்பு அங்கே கிடந்தது. அதே மெலிவு, அதே வளைவு.

"இது யாரோடது சார்?"

"ஒருத்தற்றையும் இல்லை. தண்ணியிட."

"நான் காய்ச்சினேன் சார். சத்தியமா ஒருநாள் தவறாமக் காய்ச்சினேன்."

"காய்ச்சினீர், எனக்குத் தெரியும். இது காசநோய்க் கிருமியிட இனம், ஊற்றுத் தண்ணியிலயும் குழாய்ப் பாசியிலயும் இருக்கும். உங்கட சனம் காலங்காலமாக் குடிச்சு வருது, ஒண்டும் செய்யாது. அதுக்கும் இதே மெழுகுச் சட்டைதான். கொதிச்சா ஆள் சாகும், சட்டை அப்பிடியே கிடக்கும். சட்டை கிடந்தாச் சிவப்பைப் பிடிக்கும்." சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் இதை யோசிக்கேல்லை, ராஜலிங்கம். யோசிச்சிருக்க வேணும்."

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். தீர விசாரித்த மெய் வந்து சேர்ந்தபோது யசோதாவைப் புதைத்த சரிவில் மண் காய்ந்து புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. ராஜலிங்கம் பீப்பாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். சந்திரிகா தடுக்கவில்லை, அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

பீப்பாவையும் குழாயையும் கரைத்து வைத்த சாயத்தையும் தூக்கி எறிந்தார்கள். 'கொஞ்சம்' என்று எழுதப்பட்டவர்களையெல்லாம் திரும்ப அழைத்து, வேறு தண்ணீரில் பார்த்து, உனக்கு நோய் இல்லை என்றார்கள். ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு தாய் வாழைப்பழச் சீப்பு கொண்டுவந்து வைத்தாள். கலியாணம் நின்றுபோன ஒரு பையன் மட்டும் பாதியிலேயே எழுந்து போனான். பாலம்மாவிடம் சொல்வதற்கு டாக்டர் தானே வருவதாகச் சொன்னார்.

"வேணாம் சார். ஆஸ்பத்திரியிலயும் சொல்ல வேணாம்னு எழுதுங்க. நானே சொல்றேன்" என்றான் ராஜலிங்கம்.

அவளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவரப் போனவன் வழியெல்லாம் வார்த்தை தேடினான். ஊசி மேல் ஊசி போட்டு அவள் பாதியாகியிருந்தாள். ரயில் பெட்டியில் எதிரே உட்கார்ந்து, "காதுக்குள்ள எந்நேரமும் வண்டு எரையுதுண்ணே. ஊசி மருந்து அப்படித்தானாம்" என்றாள். அவன் வாயெடுத்தான். அதற்குள் அவளே பேசினாள்.

"நல்லவேள, நீ அந்தத் தொழில்ல இருந்த. இல்லேன்னா தெரியாமப் பால் குடுத்துக்கிட்டே இருந்திருப்பேன். என் நோவு அதுக்கும் ஒட்டி, மூச்சு இழுத்து இழுத்துப் போயிருக்கும். பசியில போச்சு, அது பஞ்சம், நாடெல்லாம் பஞ்சம். என்னால போகலண்ணே. அது ஒண்ணுதான் மனசுக்கு ஆறுதலா இருக்கு."

இதற்குப் பிறகு என்ன சொல்வது? உனக்கு நோயே இல்லை, உன் மார்பில் பால் இருந்தது, பிள்ளை அதைக் குடித்திருந்தால் உயிரோடு இருந்திருக்கும் என்று சொல்வதா? ராஜலிங்கம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "ஆமா" என்றான். அந்த ஒரு சொல்லை அவள்மேல் இருந்த இரக்கத்தில் சொன்னானா, தன்மேல் இருந்த பயத்தில் சொன்னானா என்று பிறகு எத்தனையோ தடவை தன்னையே கேட்டிருக்கிறான்.

அந்த 'ஆமா' அவளோடு குடியிருக்க வந்தது. லயத்தில் அவளுக்கென்று தனி அலுமினியக் குவளை. பீலியில் எல்லாரும் பிடித்துப் போன பிறகு கடைசி ஆளாகப் போவாள். யார் பேசினாலும் தலைப்பு வாய்க்குப் போய்விடும். அண்டை வீட்டுக்காரி விலகிப் போனால் அவள் அதற்கு முன்பே விலகி வழிவிடுவாள். கறுப்பையா மட்டும் அவள் குவளையிலேயே குடித்தான். "போனாப் போவுது" என்பான். ராஜலிங்கம் இதையெல்லாம் பார்த்தான். இன்றைக்குச் சொல்லலாம் என்று போவான்; அவள் "அண்ணனுக்கு நல்ல குவளையில தேத்தண்ணி குடுங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்வாள். சொல்லாமல் திரும்பிவிடுவான். நாள் ஆக ஆகப் பொய் ஊறிப் பெருத்தது.

மழை திரும்பி வந்து, பஞ்சமும் ஒருவாறு தணிந்த பிறகு பாலம்மா மறுபடி கர்ப்பமானாள். ஆண் பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் காலை, வேலைக்குப் போகிற வழியில் ராஜலிங்கம் எட்டிப் பார்த்தான். பிள்ளை கறுப்பையாவின் கையில் இருந்தது. அவன் ஒரு துணித் திரியைச் சீனித் தண்ணீரில் நனைத்து அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தான்.

"டவுனுக்குத்தானே போற? வர்றப்ப மல்லியப் பூ வாங்கியாண்ணே" என்றாள் பாலம்மா.

"பூ எதுக்கு?"

"எதுக்கா? பால் கட்டிக் கல்லா நிக்குது."

"ஒனக்குத்தான் கொணமாயிருச்சே. டிஸ்பென்சரியிலயும் குடுக்கச் சொன்னாங்கதானே?"

"சொல்லுவாங்க. அசிட்ட ஊத்தினாலும் போகாது, மெழுகுச் சட்ட போட்டு உள்ள ஒளிஞ்சு கெடக்கும்னு நீதானே சொன்ன? அசிட்டுக்குப் போகாதது ஊசிக்கா போயிரும்? நான் குடுக்கமாட்டேன். இந்த ஒண்ணாவது இருக்கட்டும்."

அவன் கிளினிக்குக்குப் போனான். அன்றைக்கு எந்தக் கண்ணாடியையும் ஒழுங்காகக் கழுவவில்லை. வேலை முடிந்து கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில் பக்கம் போய் மல்லிகை வாங்கினான். வாங்காமல் போகலாம் என்றுதான் நினைத்தான், கை வாங்கிவிட்டது. வாழை இலையில் சுற்றிய பூவோடு மலையேறினான். லயத்தை நெருங்கும்போதே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவனுக்குத் தெரியும். முதலில் கத்தும், பிறகு முனகும்.

பாலம்மா பூவுக்குக் கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

"பாலம்மா, ஒனக்கு நோவு இல்ல."

"இப்ப இல்லாமத்தான் இருக்கும்..."

"எப்பவுமே இல்ல. அன்னைக்கும் இல்ல." பூப் பொட்டலத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "நான் பாத்த செவப்பு ஒன் சளியில இல்ல. நான் கழுவின தண்ணியில இருந்துச்சு. நம்ம பீலித் தண்ணியில. அது யாருக்கும் ஒண்ணும் செய்யாத கிருமி. நான்தான் கொண்டுபோய் ஊத்தினேன். காய்ச்சித்தான் ஊத்தினேன், செத்த பொறகும் அது செவக்கும்னு எனக்குத் தெரியல. எல்லாருக்கும் சொல்லிட்டோம். ஒனக்கு மட்டும் நான் சொல்லல."

கறுப்பையா வாசலில் பிள்ளையோடு நின்றவன் நின்றபடியே இருந்தான். பாலம்மா அண்ணனின் முகத்தையே பார்த்தாள். பிறகு அவனுடைய சிவந்த விரல்களைப் பார்த்தாள். வாயிலிருந்த தலைப்பு மெல்ல நழுவி மடியில் விழுந்தது.

"புள்ளயக் குடு" என்றாள் புருஷனிடம்.

வாங்கி மடியில் போட்டு, ரவிக்கையை விலக்கி, மார்பைக் கொடுத்தாள். கட்டியிருந்த பால் பீறிட்டுப் பிள்ளைக்குப் புரையேறியது. நிமிர்த்தி முதுகைத் தட்டிவிட்டு மறுபடி கொடுத்தாள். அது வாயால் பற்றிக்கொண்டு சத்தம் வரக் குடித்தது. ராஜலிங்கம் சுவர் பக்கம் திரும்பி நின்றான். கொஞ்சம் மனம் ஆறியது என்றுகூடச் சொல்லலாம். சொல்லிவிட்டோம், இந்தப் பிள்ளை பிழைத்துவிடும் என்று நினைத்தான்.

பாலம்மா குனிந்தபடியே, பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப யசோதா, அண்ணே?"

அவன் திரும்பினான். கையிலிருந்த பூவை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றான். பிள்ளை குடித்துக்கொண்டிருந்தது.